வாயால் டிரம் வாசித்தவனும் என் மைக்கும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எஞ்சினியரிங் படித்தவர்களே என் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, எங்க ஹால்ல சத்தம் ஒரே எரைச்சலா இருக்கு, ஒரு தடவ வந்து பாக்கணும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போய், சுவரோரம் நின்று கேட்டு, ஸ்பீக்கரை ஒரு முழம் திருப்பி வைத்துவிட்டு வருவேன். இரைச்சல் போய்விடும். ஏன் போயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காது சொல்லும், கை செய்யும்.

கடை திருவனந்தபுரம் பழவங்காடியில். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பாக்ஸ், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுவேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்தவன் நான். ஒரு மைக் செட் கடையில் வயர் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷத்தில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். தொண்ணூறுகளில் இந்தத் திருவனந்தபுரத்தில் மந்திரி பேசினாலும், உபதேசியார் பிரசங்கம் செய்தாலும், பாகவதர் பாடினாலும், என் மைக்கைப் பிடிக்காமல் போனவர்கள் குறைவு.

என் பெயர் நின்றது ஒரே விஷயத்தில். என் மைக்கில் மூச்சு கேட்காது. 'ப' என்று சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று பாய்ந்து மைக்கில் மோதும். ஸ்பீக்கரில் அது 'டுப்' என்று வெடிக்கும். மற்றக் கடைக்காரர்களின் மைக்கில் ஒரு தலைவர் 'பாட்டாளிப் பெருமக்களே' என்று ஆரம்பித்தால் கூட்டத்தில் இருக்கிற குழந்தைகள் பயந்து அழும். என்னுடையதில் அழாது. மைக் தலைக்கு ஒரு பஞ்சுக் குல்லாய் போடுவேன். அடிச்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பேஸ் குமிழை இடது பக்கம் திருப்பி வைப்பேன். பேசுகிறவர் யாராக இருந்தாலும், "ஒரு சாண் தள்ளிப் பிடிங்க" என்பேன். மந்திரியிடமும் சொல்லியிருக்கிறேன். அவரும் தள்ளித்தான் பிடித்தார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே ஒருவனுடைய பிழைப்பை நான் கெடுக்கப் பார்த்தேன்.

அப்போது இந்த ஊரில் மிமிக்ரிக் குழுக்கள் மழைக்கால ஈசல் மாதிரிக் கிளம்பியிருந்தன. ஓணம் வந்தால், கோயில் திருவிழா வந்தால், கல்லூரி ஆண்டு விழா வந்தால் ஒரு குழு மேடையில் நிற்கும். நடிகர்கள் மாதிரிப் பேசுவார்கள், ரயில் விடுவார்கள், நாய் குரைப்பார்கள். அப்படி ஒரு குழுவுக்கு நான் வழக்கமாக மைக் செட் கட்டுவேன். ஏழு பேர். அவர்களுக்கு ஒரு லீடர், மலையாளி, நல்ல மனுஷன், வெற்றிலை போட்ட வாயோடு எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அந்த ஏழு பேரில் ஒரு புது ஆள் இருந்தான். இருபத்தாறு இருபத்தேழு வயது. ஒல்லி. மலைமேல் இருக்கிற போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கே தேயிலை வேலை செய்கிற தமிழர்கள்.

ஒரு வாசகசாலை ஆண்டு விழா. வெயில் இறங்கும் நேரம். கடைசி ஐட்டமாக இவனை விட்டார்கள். மேடைக்கு வந்தவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மைக்கைத் தாங்கியிலிருந்து உருவி, பஞ்சுக் குல்லாயைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்தி, உதட்டோடு ஒட்டி வைத்தான். அடுத்த கணம் ஒரு 'டுப்'. என் மீட்டர் முள் வலது ஓரத்தில் போய் அடித்து நின்றது.

எனக்கு உயிர் போய்விட்டது. பேஸைக் குறைத்தேன். மேடையைப் பார்த்து, தள்ளிப் பிடி என்று கையால் காட்டினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு இன்னும் ஒட்டினான். நான் இன்னும் குறைத்தேன். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து பேஸை மொத்தமாகவே குறைத்துவிட்டேன். கடைசியில் ஜனங்களுக்குக் கேட்டது 'ச்சு, ப்ஸ், ச்சு, க்க்' மட்டும்தான். மீன் தின்றுவிட்டுப் பல்லில் மாட்டிய முள்ளை ஒருவன் உறிஞ்சுகிற மாதிரி.

கூட்டத்தில் ஒரு குரல், "எடே, அவனுக்கு ஒரு ஈர்க்குச்சி கொடுங்கடே" என்றது. அதோடு கூவல் எழுந்தது. அவன் பாதியிலேயே இறங்கிவிட்டான்.

வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து நின்றான். பஞ்சுக் குல்லாயை மேசைமேல் வைத்தான்.

"அண்ணாச்சி, என் டிரம்ம நீங்க எடுத்துட்டீங்க."

"டிரம்மா? ஒங்கிட்ட ஏதுடே டிரம்? நான் என் மைக்கக் காப்பாத்தினேன்."

"மொதல்ல டுப்புன்னு வந்துச்சே, அதான் டிரம்."

"அது மூச்சுடே. அத வெட்டுறதுக்குத்தான் எனக்குக் கூலி தாறாங்க."

"அப்ப பாட்டுக்காரர் வந்தா பாட்ட வெட்டிட்டு மூக்குறிஞ்சுறத விடுவீங்களா?"

இந்தத் தொழிலுக்கு நான் வந்த நாளிலிருந்து என் மேசைக்கு முன்னால் நின்று அப்படி ஒருவரும் பேசியதில்லை. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் அவன் சொன்னது காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த முதல் 'டுப்'பை நினைத்துப் பார்த்தேன். அது மூச்சு வெடித்த சத்தம் இல்லை. மூச்சு வெடித்தால் பின்னாலேயே 'ஹ்ஹ்' என்று காற்று இழுபடும். இது வெட்டினாற்போல நின்றது. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மை நல்ல ஆள் மிதித்தால் அப்படித்தான் நிற்கும்.

"நாளைக்கு மத்தியானம் கடைக்கு வாடே" என்றேன்.

வந்தான். லீடரையும் கூட்டிக்கொண்டு வந்தான். விஷயம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கல்ஃப் நாடுகளில் நிகழ்ச்சி நடத்தும் ஒரு ஸ்பான்சர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். குழுவை நேரில் பார்த்து ஐந்து பேரை மட்டும் அழைத்துப் போவார். நாலு பேர் உறுதி. ஐந்தாவது இடத்துக்கு இவனும், பழைய தலைவர்கள் மாதிரிப் பேசுகிற இன்னொருவனும் நிற்கிறார்கள்.

லீடர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னொரு கூவல் வாங்கினா இவன் அவுட். எனக்கும் வேற வழியில்ல கேட்டோ. ஏழு பேர வச்சுத் தீனி போட்டுக்கிட்டு நான் எத்ர நாள் நடத்த?" என்றார்.

"அவுட்டானா நீ என்ன செய்வே?" என்று அவனைக் கேட்டேன்.

"திரும்ப மல ஏறணும். வாயால சத்தம் போட்டு சோறு திங்க முடியுமாடான்னு எங்கப்பா கேட்டாரு. முடியும்னு சொல்லிட்டு எறங்கி வந்தேன். நாலு வருஷமாச்சு. இன்னும் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லல."

லீடர் போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். குழாய் ஸ்பீக்கரை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு இன்ச் பாக்ஸ் ஒன்றை மேசைக்கு எதிரே வைத்தேன். பஞ்சு இல்லாமல் ஒரு மைக். பேஸை நடுவில் கொண்டுவந்தேன். "ம், மிதி" என்றேன்.

அலமாரியில் இருந்த டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவ்வளவு கனமான அடி ஒரு ஒல்லியான உதட்டிலிருந்து வந்தது என்றால் நானே நம்பியிருக்கமாட்டேன், என் கண்ணுக்கு முன்னால் நடந்திராவிட்டால். அடிக்கு நடுவில் சலங்கை மாதிரி ஒரு 'த்ஸ்', அதற்கு மேல் குச்சியால் விளாசுகிற மாதிரி ஒரு 'க்'. மூன்றும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, கானமேள டிரம் செட்டும் வாடகைக்கு விடத் தொடங்கியாச்சா?" என்று கேட்டார்.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவன் தினமும் மத்தியானம் வருவான். நான் பரிசோதனை செய்வேன். உள்ளங்கையை அவன் வாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். 'டுப்'புக்கு நான் நினைத்த அளவுக்குக் காற்றே வரவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏற்றி, ஒரு பொட்டு அளவு மட்டும் திறந்து மூடுகிறான். மைக்கை ஒரு சாண் தள்ளினால் அது வெறும் 'ப்'. நாலு விரல் தூரத்தில் வைத்தால் கொஞ்சம் கனம். உதட்டில் ஒட்டினால் டிரம். பக்கம் வர வர மைக் அடிச்சத்தத்தை ஊதிப் பெருக்குகிறது. முப்பது வருஷம் எதைத் தப்பு என்று வெட்டித் தள்ளினேனோ அதை இவன் வாத்தியமாக வைத்திருக்கிறான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஆள் மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை. நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் ஓடுவான். எப்போதுதான் மூச்சு எடுக்கிறான்? கேட்டால், "தெரியல அண்ணாச்சி, அது பாட்டுக்கு நடக்குது" என்றான். நான் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். 'டுப்'புக்குச் சுடர் லேசாக என் பக்கம் சாய்ந்தது. 'த்ஸ்'ஸுக்கு நடுங்கியது. அந்தக் 'க்' வந்தபோது சுடர் அவன் பக்கம் சாய்ந்தது.

"இன்னொரு தடவ அடிடே."

மறுபடியும் அவன் பக்கம்தான் சாய்ந்தது. குச்சி விளாசுகிற அந்தச் சத்தத்தை அவன் காற்றை உள்ளே இழுத்துச் செய்கிறான். சத்தமும் அதுவே, மூச்சும் அதுவே. அவனே குனிந்து சுடரைப் பார்த்துக்கொண்டு நாலைந்து தரம் செய்து பார்த்தான். "இத நான் பாத்ததே இல்லையே" என்றான்.

"இது எங்க படிச்சே?"

"எங்கயும் படிக்கல. சின்ன வயசுல ஃபேக்டரிக்குப் பக்கத்துலதான் எங்க லயத்து வீடு. தேயில உருட்டுற மெஷின் ராத்திரி பகல்னு ஓடும். அது ஓடாத அன்னைக்குத் தங்கச்சி தூங்கமாட்டா. அம்மா என்னைய மெஷின் மாதிரி சத்தம் போடச் சொல்லுவாங்க."

அப்போது கப்பலில் வேலை பார்க்கிற என் வாடிக்கையாளர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அண்ணாச்சி, இது அமெரிக்காவில பெரிய சங்கதி" என்றார். அங்கே பீட்பாக்ஸ் என்று டிரம் அடிக்கிற ஒரு மின்சாரப் பெட்டி உண்டாம். அந்தப் பெட்டி வாங்க வசதியில்லாத தெருக்காரர்கள் தங்கள் வாயையே பெட்டியாக்கிக்கொண்டார்களாம். பிறகு வாய்க்கே அந்தப் பேர் வந்துவிட்டதாம். ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரக் கடைக்காரர் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். தெரு முனையில் நெடுநெடுவென்று ஒரு கறுப்பர், பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண். அந்த ஆள் டிரம் அடித்துக்கொண்டே அதே வாயால் முனகிப் பாடுகிறார். அந்தப் பெண் தொண்டையிலிருந்து பித்தளைக் குழல் ஊதுகிற சத்தம் கொண்டுவருகிறாள். எனக்கு ஆச்சரியத்தில் வாய் மூடவில்லை. இவனோ, "அண்ணாச்சி, சத்தத்தக் கொறைங்க" என்றான்.

"ஏண்டே, கேக்கவேண்டாமா?"

"கேட்டாச்சு. வாயப் பாக்கணும்."

சத்தமே இல்லாமல் அந்தக் கேசட்டை மூன்று தரம் பார்த்தான். டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தான். ஒரு வாரத்தில் டிரம்மோடு முனகலும் வந்துவிட்டது.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. நம்மிடம் இது இல்லையா என்ன? கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் மிருதங்க வித்வான் ஒருவர் இருந்தார். கச்சேரிகளில் கொன்னக்கோல் என்று வாயால் ஜதி சொல்வார். என் மைக்கில் பலமுறை சொல்லியிருக்கிறார். இவனை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது நம்ம கொன்னக்கோல் இல்லை ஓய்" என்றார். "நாங்க சொல்றது சொல்லு. தகதிமின்னா அது மிருதங்கத்தோட பாஷை, மிருதங்கம் இல்லை. இவன் ஒண்ணும் சொல்லவே இல்லையே. அந்த வாத்தியமாவே ஆயிடறான்." பிறகு தொடையில் தாளம் போட்டுக் காட்டி, "எங்கே, ஏழு எண்ணி இதுக்கு அடி பாப்போம்" என்றார்.

அவன் இரண்டு சுற்றுக் கேட்டான். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டான்.

"யாருடாப்பா சொல்லிக்குடுத்தா?"

"எங்க ஊருக்கு ஏறுற பஸ் கடைசி வளைவுல இப்பிடித்தான் சாமி நொண்டும்."

வித்வான் அதன் பிறகு ரொம்ப நேரம் சிரித்தார். நான் அதற்கு முன்னும் பின்னும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

ஸ்பான்சர் வருகிற நாள் வந்தது. கிழக்கேகோட்டையில் ஒரு சங்கத்தின் ஹால். மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் வழியாக பஸ் ஹாரன் எல்லாம் உள்ளே வரும். நான் இரண்டு மைக், மிக்சர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய பாக்ஸ், கேசட் டெக் எல்லாம் கட்டியிருந்தேன். ஸ்பான்சர் நல்ல நிறம், தங்கப் பிரேம் கண்ணாடி, கையில் செயின். கூட இரண்டு பேர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஒவ்வொரு ஐட்டமாகப் பார்த்தார். பழைய தலைவர்கள் குரலில் பேசுகிறவன் நன்றாகச் செய்தான். சிரித்தார்கள். கடைசியில் போனக்காட்டுக்காரன் வந்தான்.

நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். இந்தச் சத்தத்தைக் கடையில் போட்டுப் போட்டுக் கேட்டு, இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஆராயவேண்டும் என்று ஆசை. ஒரு புதுக் கேசட்டை டெக்கில் போட்டு, பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அவன் மிதித்தான். ஹால் முழுக்கத் தரை அதிர்ந்தது. நான் பேஸைத் தொடவே இல்லை. டிரம்மும் சலங்கையும் மேலே முனகலுமாக அவன் ஏறிப் போனான். ஸ்பான்சரின் கால் ஆட ஆரம்பித்தது. நான் லீடரைப் பார்த்தேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஸ்பான்சர் எழுந்தார். மேடைப் பக்கம் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். டெக்கைக் குனிந்து பார்த்தார். உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னா ஓடுது?"

"கேசட்டு சாரே."

"அதான் கேக்கறேன். கேசட் ஓடுது, அவன் வாய ஆட்டுறான். நான் பல வருஷமா கல்ஃபில ப்ரோக்ராம் நடத்துற ஆளு. இந்த வேல எங்கிட்ட வேண்டா அண்ணாச்சி."

மேடையில் அவன் நிறுத்திவிட்டான். நான் நிறுத்துகிற பொத்தானை அழுத்தியதும் அதே நேரம்தான். கேசட் நின்றதும் அடியும் நின்றது போல ஆகிவிட்டது.

"சாரே, இது ரெக்கார்டிங். அவன் அடிச்சத இது புடிச்சிட்டிருக்கு. வேணும்னா கேளுங்க" என்று சொல்லி, கேசட்டைப் பின்னால் சுற்றி, போட்டுவிட்டேன்.

பாக்ஸிலிருந்து டிரம் அடித்தது. அப்பட்டமாக அதே டிரம். மேடையில் அவன் மைக்கைக் கீழே தொங்கவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ஸ்பான்சர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டோ? ஆளு வாயத் தொறக்காமலே அடிக்குது."

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை எண்ண ஒரு கை போதும். அந்தக் கையில் இது கட்டைவிரல்.

லீடர் ஓடி வந்து, "சாரே, சத்தியமா வாய்தான்" என்றார். ஸ்பான்சர் நாற்காலிக்குத் திரும்பினார். "வாய்தான்னா மைக் எதுக்கு? வெறும் வாயால செய்யச் சொல்லு."

அவன் மைக்கை வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தான். செய்தான். தலைக்கு மேலே ஐந்து ஃபேன் ஓடுகிற ஹாலில் வெறும் வாயால் செய்தால் என்ன கேட்கும்? 'ப், த்ஸ், க்.' வாசகசாலையில் கேட்ட அதே மீன்முள். ஸ்பான்சரின் ஆட்கள் சிரித்தார்கள்.

"சார், மைக் இல்லாட்டி இது பாதிதான்" என்றான் அவன்.

"பின்ன மத்த பாதி எங்க?"

அவன் யோசிக்காமல், "அண்ணாச்சிகிட்ட" என்று என்னைக் கை காட்டினான்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஸ்பான்சர். "மத்த பாதி அண்ணாச்சியோட பெட்டிக்குள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் உதட்டை நக்கிக்கொண்டு நின்றான். மலை ஏறுகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கிற முகம் அது. எனக்குக் கோபம் வந்தது. இவன் பிழைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் இந்த ஊரில் நான் கேசட் போட்டு ஏமாற்றுகிறவன் என்று ஒருவனும் சொன்னதில்லை.

டெக்கின் வயர்களைப் பிடுங்கினேன். டெக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்பான்சரின் காலடியில் வைத்தேன். மேடையிலிருந்த மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"சாரே, 'ப'ன்னு சொல்லுங்க."

"ஞானோ?"

"நீங்கதான். குரல் வேண்டாம். ஒதட்ட மூடி, பட்டுன்னு தொறங்க. அவ்வளவுதான்."

முதலில் 'பா' என்று கத்தினார். அது ஹாலில் மாடு கத்தின மாதிரி இருந்தது. நான் என் வாயால் செய்து காட்டினேன். மைக்கை அவர் உதட்டில் முட்ட வைத்தேன். மூன்றாவது தரம் வந்தது.

டும்.

அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பாக்ஸைப் பார்த்தார். மறுபடி செய்தார். டும். காலடியில் வயரெல்லாம் பிடுங்கப்பட்டுக் கிடந்த டெக்கைப் பார்த்தார். டும். அவருடைய ஆட்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"இது என் வாயா?"

"பின்ன யாரு வாய்?"

அதற்குப் பிறகு அவர் மைக்கைக் கொடுக்கவே இல்லை. எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டும் டும் என்று அடித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இத்ர ஈசியா? அப்ப இதுக்கு எதுக்கு ஒரு ஆளக் கொண்டுபோகணும்? ஸ்டேஜ்ல நானே செய்யலாமே."

நான் நிரூபித்தது நன்றாகத்தான் நிரூபணமாகியிருந்தது. தேவைக்கு மேலேயே ஆகிவிட்டது. லீடர் என்னை எரித்துவிடுவது மாதிரிப் பார்த்தார்.

போனக்காட்டுக்காரன் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது மைக்கை எடுத்தான். ஸ்பான்சர் டும் என்று அடித்தார். அவன் அதற்குப் பின்னால் 'த்ஸ் த்ஸ்' என்று இரண்டு வைத்தான். அவர் மறுபடி டும். இவன் அந்தக் 'க்' ஒன்று. ஸ்பான்சருக்கு உற்சாகம் ஏறியது. அவருடைய டும் முன்னே பின்னே தடுமாறி வந்தது. அது எங்கே விழுந்தாலும் இவன் அதற்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டான். மேலே முனகல் சேர்ந்தது. அவர் ஒரு பெரிய டிரம்மர் மாதிரி ஆகிவிட்டார். தோளைக் குலுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நான் அடிக்கிறேன் பார் என்று அடித்தார். அவருடைய ஆட்கள் கை தட்டினார்கள். குழுவும் தட்டியது.

அவன் நிறுத்தினான்.

ஹாலில் ஸ்பான்சரின் டும் மட்டும் தனியாக நின்றது. டும். கொஞ்சம் இடைவெளி. டும். ஒரு கோணல் இடைவெளி. டு... எச்சில் தெறித்து மைக் 'ஸ்ஸ்' என்றது. அவர் கண்ணைத் திறந்தார். இன்னும் இரண்டு தரம் முயற்சி செய்தார். மூச்சு வாங்கியது. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் அவன் மறுபடி ஆரம்பித்தான், தனியாக. அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தான். மூன்று நிமிஷம் இருக்கும். ஸ்பான்சர் இந்தத் தரம் பாக்ஸைப் பார்க்கவில்லை, என் மேசையையும் பார்க்கவில்லை. அவன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பு அவன் டிவியைப் பார்த்தது மாதிரி.

முடிந்ததும், "எடா, நீ எப்போடா சுவாசம் எடுக்கறே?" என்று கேட்டார்.

"இந்தக் 'க்'குல சார்."

அவர் வாய்க்குள்ளேயே 'க்' என்று இழுத்துப் பார்த்தார். இருமல் வந்தது. லீடர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "பாஸ்போர்ட் உண்டோ?" என்றார்.

"இல்ல சார்."

"இத்ர நாள் எந்து செய்தே? நாளைக்கே போய் அப்ளை செய்."

அந்த ஐந்தாவது இடத்துக்கு நின்ற மற்றவன் சுவரோரம் இருந்தான். அவன் எழுந்து வந்து போனக்காட்டுக்காரனின் முதுகில் தட்டி, ஒரு பழைய தலைவரின் கரகரத்த குரலிலேயே, "தோழரே, போய் வாருங்கள், போராட்டம் இங்கே தொடரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு முகத்தைக் கழுவ வெளியே போனான். திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஹால் காலியானது. நான் வயர் சுருட்ட ஆரம்பித்தேன். போனக்காட்டுக்காரன் மேசைக்கு எதிரே வந்து நின்றான். என்னால்தான் எல்லாம் ஆயிற்று என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் முகத்தில் கவலைதான் இருந்தது.

"இப்பவும் என்னடே?"

"அண்ணாச்சி, அங்க மைக் செட்காரன் யாரா இருப்பான்?"

"யாரா இருந்தா ஒனக்கென்ன?"

"அவனும் ஒங்கள மாதிரி நல்ல மைக் செட்காரனா இருந்துட்டா நான் தொலஞ்சேன்."

நான் சுருட்டின வயரை மறுபடி அவிழ்த்தேன். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தேன். என் நாற்காலியில் வேறு யாரையும் நான் உட்காரவிட்டதில்லை. அவனை உட்காரவைத்து, பேஸ் குமிழின் மேல் அவன் விரலை எடுத்து வைத்தேன்.